முன்படிப் பாட்டு

பாடிக்கொண்டிருக்கும் பாட்டைப் பாதியில் நிறுத்த ஒரு பாடகருக்குப் பல காரணங்கள் வாய்க்கலாம். மின்சாரம் போகலாம். மலைநாட்டு மழை தகரக் கூரையில் இறங்கிக் குரலை அமுக்கலாம். முன்வரிசைப் பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம். நான் முதன்முதலில் கண்ட அன்று பாட்டுக்காரம்மா தம் பாட்டை நிறுத்தியதற்கு ஒரு பாலத்தின் கைப்பிடி காரணம்.

ஹட்டனில் எங்கள் பாடசாலை மண்டபம். பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று முடிந்து, எங்கள் அணி வென்றிருந்தது. பிரதம விருந்தினராக வந்திருந்தவரை உரையாற்ற அழைத்தார்கள். உரை வராது, பாட்டு வேண்டுமானால் வரும் என்று சொல்லிவிட்டு, புடவைக்கு மேல் அணிந்திருந்த ஆண்பிள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றியபடி அவர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிய பாட்டு அது. "கைப்பிடி இல்லாப் பாலமடி, எங்க காலை நம்பும் பாலமடி" என்று எடுத்தவர், சட்டென்று கையை உயர்த்தினார். தாளம் போட்டுக்கொண்டிருந்த மாணவி விழித்தாள்.

"இருங்க, இருங்க. போன வாரம் அதுக்குக் கைப்பிடி வச்சுட்டாங்க. இரும்புல. இன்னைக்கு வரும்போது நானே அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அத்தனை பேரையும் காக்க வைத்து, கண்களை மூடி, உதடுகளை அசைத்து, இல்லாத சொல்லைத் தேடி நின்றார். பிறகு பாடினார்: "கைப்பிடி வந்த பாலமடி, இன்னும் பலகை ஆடும் பாலமடி."

மேடை என்பது ஐயத்தைக் காட்டும் இடமன்று என்று பயிற்றுவிக்கப்பட்டவள் நான். தயங்கினால் தோற்றோம், தோற்றாலும் தயங்கியதாகக் காட்டக் கூடாது. முந்நூறு பேருக்கு முன்னால் தம் பாட்டைத் தாமே வெட்டித் தைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவை நான் வாய் பிளந்து பார்த்தேன். கோப்பையை என் கையில் கொடுக்கும்போது அவர் கேட்டார்:

"நல்லாப் பேசுனீங்க புள்ள. பேசுனதெல்லாம் உங்களுக்கு நெசமா?"

"சீட்டுக் குலுக்கித்தாம்மா பக்கம் குடுப்பாங்க. எந்தப் பக்கம் வந்தாலும் பேசணும்."

"அப்ப எதிர்ப் பக்கம் வந்திருந்தா?"

"அதையும் ஜெயிச்சிருப்பேன்."

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். "அடி ஆத்தி! கெட்டிக்காரிதான். நான் ஒரு பக்கத்தை வச்சுக்கிட்டே தடுமாறுறேன்."

எதிர்த் தரப்பை ஏற்றுப் பேசிப் பார்க்காதவருக்குத் தம் தரப்பும் விளங்காது என்பது அன்றும் என் கொள்கை, இன்றும் என் கொள்கை. அதை அவரிடமே பின்னர் பலமுறை வாதாடியிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் மறுத்ததில்லை. "நெசமா?" என்று மட்டும் கேட்பார்.

அந்த ஒரு சொல்தான் அவருடைய மூச்சு. பேருந்து தாமதம் என்றால் "நெசமா?" பட்டிப்பொலையில் பனி விழுந்தது என்றால் "நெசமா?" கேட்டதோடு நிற்கமாட்டார், போய்ப் பார்ப்பார். கவ்வாத்து வெட்டும் ஆண்களைப் பற்றிப் பாட்டுக் கட்டும்போது, அந்தக் கத்தியைக் கையில் வாங்கி, தேயிலைச் செடியை ஓங்கி வெட்டி, தோள் பிசகி, இரண்டு வாரம் எண்ணெய்க் கட்டோடு திரிந்தவர். உடப்புசல்லாவையில் ஒரு மண்சரிவைப் பாடியபோது, சரிந்தது இரவா விடியலா என்ற ஐயத்துக்காக மறுபடியும் பஸ் ஏறி அங்கே போய்க் கேட்டு வந்தவர். பேசும்போது அவர் குரலை அருகில் சாய்ந்துதான் கேட்க வேண்டும். பாடும்போதோ அதே தொண்டையிலிருந்து வேறொன்று எழும். ஒரு திருவிழாவில் ஒலிபெருக்கி பழுதாகி வெறுந்தொண்டையில் அவர் பாடியபோது, எதிர்மலை லயத்து வரிசைவீடுகளில் இருந்தவர்கள் கதவைத் திறந்து வாசலுக்கு வந்ததை நான் கண்டேன். இடையில் ஒரு பள்ளத்தாக்கே இருந்தது.

தேர்தல் நெருங்கிய ஒரு காலத்தில் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர், தம் சேவைகளைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று அவரிடம் கேட்டார். பாட்டுக்காரம்மா மறுக்கவில்லை, நாள் பூராவும் ஊரைச் சுற்றிவந்து, கூட்டத்தில் ஏறிப் பாடினார். உறுப்பினர் நட்டுவித்த விளக்குக் கம்பத்தைப் பாட்டு வாயார வாழ்த்தியது. அதன் உச்சியில் இருந்த விளக்கு எரியவில்லை என்பதையும் அதே ராகத்தில் சொன்னது. கூட்டம் புரண்டு சிரித்தது.

"என்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? மானமே போச்சு!"

"நேத்துப் பார்த்தேனுங்க, எரியல. எரிஞ்சா எரியுதுன்னு பாடுறேன்."

அடுத்த வாரமே விளக்கு எரிந்தது. அவர் சொன்ன சொல் தவறவில்லை. உறுப்பினரின் அலுவலக வாசலுக்குப் போய், மனுக்களோடு காத்திருந்த சனத்தின் நடுவே நின்று, திருத்திய அடியைப் பாடிவிட்டு, கொடுத்த தேநீரையும் குடிக்காமல் திரும்பினார். ஊர் அவரைக் கொஞ்சம் பைத்தியம் என்றது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், முன்படிப் பாட்டின் வரலாறு தெரியும்வரை.

அந்தப் பாட்டை அறியாத தோட்டம் மலையகத்தில் இல்லை. கல்யாண வீட்டில் பாடுவார்கள், மேதினத்தில் பாடுவார்கள், பாடசாலைச் சுற்றுலாப் பேருந்தில் கை தட்டிப் பாடுவார்கள். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது கட்டி, கொழும்பில் யாரோ கடன்பட்டுப் பதிவுசெய்து, ஒலிநாடாவாகி, பிரதிக்குப் பிரதி எடுத்துப் பரவிய பாட்டு. அதன் மூன்றாவது கண்ணியில்தான் பேருந்தே அதிரும்:

முன்படி ஏறிப் போனாரு,
முதுகை வளைச்சு வந்தாரு,
சின்னமுத்து கங்காணி, எங்க
சோத்தை வித்துத் தின்னாரு!

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். வேலைநிறுத்தத்துக்கு இரகசியமாக ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு தொழிலாளிக்குத் தோட்டத் துரையின் பங்களாவில் காரியம் என்றால், பின்பக்கம் போய், குசினி வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். முன்படி விருந்தாளிகளுக்கும் உத்தியோகத்தருக்கும் உரியது. அதில் ஒரு தொழிலாளி கால்வைத்தான் என்றால் அவன் துரைக்கு வேண்டியவன். வேறு பொருள் கிடையாது. ஒரு மாலை, கொழுந்து நிறுக்க வந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, சின்னமுத்து என்ற கங்காணி அந்த முன்படியில் ஏறினார். துரை படிவரை வந்து அவரை அனுப்பிவைத்ததையும் பார்த்தார்கள். மறுநாள் விடியலில், வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், வேலைநிறுத்தக் குழுவினரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அத்தனை பேருக்கும் வேலை போனது. தோட்டம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது.

வேலை போனவர்களில் ஒருவர் பாட்டுக்காரம்மாவின் அண்ணன். அண்ணன் பெட்டி கட்டிய நாளில் பிறந்தது அந்தப் பாட்டு.

சின்னமுத்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். யாரும் காதில் வாங்கவில்லை. நல்லது கெட்டதுக்கு அவரை அழைப்பது நின்றது. அவர் பொதுக் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

பல ஆண்டுகள் கழித்துக் கோத்தகிரியில் பாட அம்மாவை அழைத்தார்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய எங்கள் சனம் இன்று வாழும் மலை அது. அங்கேயும் அதே பாட்டைத்தான் கேட்டார்கள். அங்கேயும் மூன்றாவது கண்ணியில் மண்டபம் அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் ஒரு பெண், வளர்ந்த மகனைக் கையில் பிடித்தபடி மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"அக்கா, அந்த லாரியில போனது நாந்தான்."

"எந்த லாரி தாயி?"

"எனக்கு மேல் டிவிசன்ல வலி எடுத்துருச்சு. புள்ள குறுக்கால கெடந்துச்சு. லாரி எடுக்கணும்னா தொரை சீட்டுக் குடுக்கணுமில்ல? கங்காணிதான் ஓடுனாரு. பின்வாசல்ல நாயை அவுத்து விட்டிருந்தாங்களாம். நேரமில்லன்னு முன்படியில ஏறிட்டேன், என்னா ஆகப்போகுதோன்னு ஆசுபத்திரி போற வழியெல்லாம் பயந்துகிட்டே வந்தாரு. இவந்தான் அக்கா அந்தப் புள்ள."

லாரி தேயிலை ஸ்டோருக்குப் போகும் பாதையால் இறங்கியதால் லயத்தில் யாரும் காணவில்லை. ஆசுபத்திரியிலிருந்து அவள் நேரே தாய்வீட்டுக்குப் போனாள். அடுத்த கப்பலில் குடும்பமே இந்தியா போய்விட்டது. சின்னமுத்து சொன்னதற்கு, தோட்டம் நம்பியிருக்கக்கூடிய ஒரே சாட்சி கடல் கடந்து போய், தன்னைக் காப்பாற்றியவரைத் தூற்றும் பாட்டைக் கோத்தகிரியில் கேட்டுக்கொண்டிருந்தது.

பெயர்களைத் துரையிடம் கொடுத்தது யார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தெரியாது புள்ள. தெரியாததைப் பாடித்தானே இவ்வளவும்" என்றார்.

ஊர் திரும்பிய கையோடு கந்தப்பளைக்குப் போயிருக்கிறார். சின்னமுத்துவின் மனைவி அப்போது உயிரோடு இருந்தார். வாசலில் நின்றவரின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாராம். நனைந்த புடவையோடு பஸ் ஏறி வந்தார். அன்றிலிருந்து எந்த மேடையில் முன்படிப் பாட்டைக் கேட்டாலும், "இந்தப் பாட்டுல மூணாவது கண்ணி பொய். அந்த மனுசன் ஒரு உசுரைக் காப்பாத்தத்தான் படி ஏறுனாரு" என்று ஒலிவாங்கியில் சொன்னார். சனம் கை தட்டியது. சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மூன்றாவது கண்ணியைத் தாங்களே பாடியது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்ற மேடைகளில் பாட்டு இன்னும் பலமாக ஒலித்தது. விளக்குக் கம்பத்தையும் பாலத்தையும் துரத்திப்போய்த் திருத்தியவர் எதற்காக அப்படி அலைந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. திருத்த முடிந்ததையெல்லாம் திருத்தினார். ஒன்று மட்டும் அவர் கைக்கு எட்டாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஒன்றை நிரந்தரமாக்கத்தான் ஜெகன் வந்தான். தலவாக்கலையில் பிறந்து கொழும்பில் ஒலிப்பதிவாளனாக இருப்பவன். அம்மாவின் பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவன். தேய்ந்துபோன ஒலிநாடாக்களைக் கைவிட்டு, எங்கோ ஓர் அலுமாரியில் கிடந்த மூலப் பதிவையே தேடிப்பிடித்து, தூசி துடைத்து, இரைச்சல் நீக்கி, முழுத் தொகுப்பையும் புதுப்பித்திருந்தான். ஹட்டனில் வெளியீடு. அறிமுகக் குறிப்பு எழுதவும் விழாவைத் தொகுக்கவும் என்னைக் கேட்டிருந்தார்கள். அதனால், அம்மா அதை முதன்முதலாகக் கேட்ட நாளில் நானும் அவனுடைய ஒலிப்பதிவுக்கூடத்தின் கண்ணாடி அறையில் இருந்தேன்.

ஆளுக்கொரு காதொலிப்பானைப் பொருத்திக்கொண்டோம், அம்மா கண்களை மூடினார். முதல் பாட்டிலேயே முகம் மலர்ந்தது. "யாருடி இவ, இந்தக் கத்துக் கத்துறா! மூச்சு விடவே மாட்டாளா?" என்றார். எனக்குச் சிலிர்த்தது. அவருடைய இருபது வயதுக் குரல், மறைக்க ஒரு திரையும் இல்லாமல், பக்கத்தில் வந்து நின்று பாடியது. உதடு பிரியும் ஓசைகூடக் கேட்டது. பாட்டுக்குப் பாட்டு அவர் சிரித்தார், தலையசைத்தார், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்தார். முன்படிப் பாட்டின் மூன்றாவது கண்ணி வந்தது. அம்மா காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இவ்வளவு வெளக்கமாவா இருக்கும்?"

ஜெகன் பூரித்துப் போனான். "ஆமாங்கம்மா! பழைய கேசட்டுல அந்தப் பேரே அமுங்கிக் கெடக்கும். இப்பக் கேளுங்க, மணி அடிச்ச மாதிரி!"

"அதான் தம்பி. கேசட்டு தேஞ்சுகிட்டு இருந்துச்சு. அதோட சேர்ந்து பொய்யும் தேயும்னு நெனச்சுகிட்டு இருந்தேன். நீங்க தொடைச்சுப் பளபளன்னு ஆக்கிட்டீங்க." பிறகு சொன்னார்: "அந்தப் பாட்டை எடுத்துருங்க."

அவன் முகம் வெளிறியது. "அம்மா, சனம் கேக்குறதே அந்தப் பாட்டைத்தான். அது இல்லாம எதுக்கும்மா இதெல்லாம்?"

நான் இடையில் புகுந்தேன். பாட்டை அப்படியே விடுவது, உண்மையை அட்டைக் குறிப்பில் விரிவாக எழுதுவது என்பது என் முன்மொழிவு. அழகான முன்மொழிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"பாட்டுக் கேக்குறவன் அட்டையைப் படிப்பானா புள்ள?" என்றார் அம்மா. பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "அவரு பேரு அது. அவருகிட்டக் கேப்போம். அவரு வேணாம்னா, இந்தத் தட்டே வெளிவராது. எனக்கு ஒண்ணும் கொறைஞ்சிராது."

கந்தப்பளைக்கு ஜெகனின் வேனில் போனோம். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். லயத்துக்கு ஏறும் படியில் அம்மா என் கையைப் பிடித்தார். "நீங்க பேசாதீங்க புள்ள. நீங்க பேசுனா அவரு ஒண்ணு ஜெயிக்கணும், இல்ல தோக்கணும். ரெண்டுக்கும் நாம வரல."

கதவைத் திறந்தவர் சின்னமுத்துவின் மகள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பணிச் சீருடையைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை. அம்மாவைக் கண்டதும் கதவின் குறுக்கே நின்றுகொண்டார்.

"பாடும்போது எங்கப்பாவக் கேட்டுக்கிட்டா பாடுனீங்க? இப்ப என்னாத்துக்குக் கேக்க வந்தீங்க?"

"அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல தாயி."

"எம் மகனை ஸ்கூல்ல 'முன்படி'ன்னுதான் கூப்புடுறானுங்க. அந்தப் படி எந்தத் தோட்டத்துல இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது. தெரியுமா உங்களுக்கு?"

அம்மா தலை குனியவில்லை, விளக்கம் சொல்லவில்லை. அடி வாங்குவதற்கென்றே வந்தவர் போல நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு முதிய குரல் வந்தது. "யாரு வந்திருக்கிறது?"

"பாட்டுக்காரி."

"உள்ள வரச் சொல்லு. மழை வருது."

ஒடுங்கிய, நெடிய மனிதர். கட்டிலில் போர்வைக்குள் அமர்ந்திருந்தார். அம்மா தரையில் உட்காரப் போனார். அவர் தடுத்து, நாற்காலியைக் காட்டினார். அம்மா சொன்னது மிகச் சிறிது. பாட்டு மறுபடியும் வரப்போகிறது, முன்னைவிடத் தெளிவாக வரப்போகிறது, எடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாவற்றையுமே நிறுத்திவிடுகிறேன், உங்கள் விருப்பம். சின்னமுத்து வாசலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எல்லாரும் எனக்கு முதுகுக்குப் பின்னாடிதான் பாடுனாங்க. மொகத்துக்கு நேரா ஒருத்தரும் பாடல. நீங்க பாடுங்க, கேப்போம்."

மகள் "அப்பா!" என்றார். அவர் கையமர்த்தினார்.

பாட்டுக்காரம்மா எழுந்து நின்றார். கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். அந்தச் சிறு லயக் காம்பராவில், அந்த மனிதரின் கண்களைப் பார்த்தபடி, மூன்றாவது கண்ணியைப் பாடினார். குரலைத் தாழ்த்திப் பாடியிருக்கலாம். பெயரை விழுங்கியிருக்கலாம். நான் என்றால் செய்திருப்பேன். அவர் ஒன்றையும் மழுப்பவில்லை. வளைச்சு என்ற இடத்தில் அந்தப் பழைய குத்தல், சின்னமுத்து என்ற இடத்தில் அந்தப் பழைய ஏற்றம், எல்லாம் அப்படியே ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. ஒரு மனிதரின் முன் இவ்வளவு வெறுமையாக நிற்க முடியும் என்று எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

சின்னமுத்து போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார். "அதான் வெனையாப் போச்சு."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை.

"எடுக்க வேணாம்மா. எடுத்துட்டா, நீங்க பாடவே இல்லன்னு ஆயிரும். அப்ப நான் பட்டதும் இல்லன்னு ஆயிருமில்ல? எம் பொஞ்சாதி பட்டது? இருக்கட்டும். முழுசா இருக்கட்டும். அந்தக் கண்ணி முடிஞ்சதும் நான் பேசுறேன். பாட எனக்கு வராது."

அம்மா ஜெகனைப் பார்த்தார். தம் வாழ்வின் மிகப் புகழ்பெற்ற பாட்டை, அதன் உச்சத்தில், சின்னமுத்துவின் பேச்சுக்காக வெட்டித் திறந்து கொடுத்தார். ஜெகன் மறுபேச்சில்லாமல் பதிவுக்கருவியை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

வெளியீட்டு நாளில் ஹட்டன் மண்டபம் கொள்ளவில்லை. வாசற்படியிலும் சன்னல் விளிம்பிலும் சனம். சின்னமுத்துவும் மகளும் முன்வரிசையில், யார் என்று அறியப்படாமல் அமர்ந்திருந்தார்கள். நான் அறிவித்தேன், முன்படிப் பாட்டு ஒலித்தது. முதல் கண்ணியிலேயே கைதட்டல் தொடங்கியது. இரண்டாவதில் இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது வந்தபோது அந்த இருபது வயதுக் குரலோடு மண்டபமே சேர்ந்து, கூரை அதிர, சின்னமுத்து கங்காணி என்று பாடியது. 'தின்னாரு' என்று முடிந்த அதே கணத்தில் இசை நின்றது. ஓர் இருமல் கேட்டது.

"நாந்தாங்க அந்தச் சின்னமுத்து."

உயர்ந்த கைகள் உயர்ந்தபடி நின்றன.

"முன்படியில ஏறுனது நெசம். பின்வாசல்ல நாய் இருந்துச்சு. மேல் டிவிசன்ல ஒரு புள்ளைக்குப் பேறுகால வலி. லாரிக்குச் சீட்டுக் கேட்டேன். தொரை எழுதிக் குடுத்தாரு. அதைத் தவிர ஒரு வார்த்தை நான் அங்க பேசல. பொறந்த புள்ள இப்ப கோத்தகிரியில இருக்கானாம். நல்லா இருக்கட்டும். நீங்களும் நல்லா இருங்க."

பிறகு நான்காவது கண்ணி தொடங்கியது. அதே இளங்குரல், அதே மெட்டு. ஒருவரும் கூடப் பாடவில்லை. நின்றிருந்தவர்கள் ஓசை செய்யாமல் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தபின் தொகுப்பாளர் பேச வேண்டும், நான் பேசவில்லை. அம்மா மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசைக்கு நடந்து, சின்னமுத்துவின் பக்கத்து இருக்கையில் போய் அமர்ந்தார். அப்போதுதான் சனத்துக்கு அது யார் என்று விளங்கியது. கூட்டம் கலையாமல் தயங்கி நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், வேலை போன அந்தப் பழைய குழுவில் ஒருவராம், ஊன்றுகோலோடு வந்து, எதிரில் நின்றார். சின்னமுத்து அண்ணாந்து பார்த்தார்.

"வா, உக்காரு. ஒனக்கும் முழங்கால் போச்சா?"

மகள் எழுந்து தம் இருக்கையை அந்தக் கிழவருக்குக் கொடுத்தார்.

எல்லோரும் தேநீருக்கு நகர்ந்தபோது, தலவாக்கலையிலிருந்து வந்திருந்த நான்கைந்து இளைஞர்கள் பாட்டுக்காரம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கெட்ட பிள்ளைகள் அல்லர். அந்தப் பாட்டில் வளர்ந்தவர்கள். ஒருவன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தான்.

"அம்மா, அந்த மூணாவது கண்ணியை மட்டும் ஒரு தடவை, உங்க வாயால. எங்களுக்காக. வெளிய போடமாட்டோம்."

எட்டடி தள்ளிச் சின்னமுத்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மறந்து போச்சு தம்பி."

"என்னாம்மா இது! ஊரே பாடுது, கட்டுன நீங்களா மறப்பீங்க?"

"வயசாச்சில்ல? மத்ததெல்லாம் வருது. அது மட்டும் வரவே மாட்டேங்குது."

"நான் எடுத்துக் குடுக்கிறேன்மா, முன்படி…"

"காதும் சரியாக் கேக்கல தம்பி," என்றார் அவர். "போய் டீ குடிங்க, ஆறிப்போகும்."

கந்தப்பளைக் காம்பராவில் அவர் பாடக் கேட்ட நானும் ஜெகனும் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். இளைஞர்கள் நம்பாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் திரும்பி எங்களைப் பார்த்தார், கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டபடி.

"ஆமா," என்றேன் நான். "அம்மாவுக்கு அது மறந்து போச்சு."